எறங்கறப்பத்தான் குளுரும்

1988 ஜூன் 5 அன்று காவியா கணவாயின் உச்சியை முதலில் தொட்டவர் யோஹன் வான் டெர் வெல்டே என்ற டச்சுக்காரர். இத்தாலியை மூன்று வாரம் சைக்கிளில் சுற்றிவரும் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தின் 14-ஆவது கட்டம் அது. கணவாய் 2,600 மீட்டருக்கும் மேலே. உச்சியில் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. அவர் போட்டிருந்ததோ அரைக்கைச் சட்டை. அங்கிருந்து அன்றைய கட்டம் முடியும் பொர்மியோவுக்கு சுமார் 25 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். மிதிக்காமல் உட்கார்ந்திருந்தாலே வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அன்று ஜெயித்தவர் வந்து 46 நிமிடத்துக்கும் மேலான பிறகே வான் டெர் வெல்டே பொர்மியோ வந்தார். கொஞ்ச தூரம் இறங்கியதுமே உடம்பு விறைத்துவிட்டது. வழியில் நின்ற வண்டியொன்றுக்குள் ஏறிக் குளிர் காய்ந்துவிட்டுத்தான் மிச்சத்தை இறங்கினார்.

மலையில் ஏறுவது கஷ்டம், இறங்குவது சுகம் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஓர் ஐப்பசி மழையில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சைக்கிளில் இறங்கும் வரை. ஏறி வந்தபோது வேர்த்துக் கொட்டியது. மழைக்கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, சாரல் சுகமாக இருக்கிறது என்றுகூடச் சொல்லிக்கொண்டேன். இறங்க ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. பல் கிட்டிக்கொண்டது. பிரேக்கை இழுக்கிறேன் என்று மனம் சொல்கிறது, விரல் இழுத்ததா என்று தெரியவில்லை. எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு வளைவில் டீக்கடை தென்பட்டதும் நிறுத்தினேன். ஹெல்மெட்டின் தாடைப்பட்டையைக் கழற்ற முடியவில்லை. கடைக்காரர்தான் வந்து கழற்றிவிட்டார். "ஏறறப்ப வேர்க்குமுங்க. எறங்கறப்பத்தானுங்க குளுரும்" என்றார், டீயை ஆற்றியபடி.

காவியாவில் நடந்ததற்கும் இதற்கு மேல் விளக்கம் கிடையாது. ஏன் அப்படி என்பதற்குத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

சைக்கிள் ஓட்டுகிறவரின் உடம்பு ஓர் ஊதாரி எந்திரம். சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது. மற்றதெல்லாம் வெப்பம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, ஒரு மணி நேரத்தில் 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடையைத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 220 வாட் வேண்டும். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் சேர்த்தால் 250. அந்த 250 வாட்டைப் பெடலில் கொடுக்க, உடம்பு 750 வாட்டுக்குக் குறையாமல் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றின் அளவு அது. ஏற்றத்தில் வண்டியின் வேகம் 12, 15 கிலோமீட்டர்தான். மேலே படும் காற்றும் குறைவு. இஸ்திரிப் பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டு மெதுவாகப் போகிறவருக்கு 2 டிகிரிக் குளிர் உறைக்காது. வான் டெர் வெல்டேயின் அரைக்கைச் சட்டை ஏற்றத்தைப் பொறுத்தவரை முட்டாள்தனம் அல்ல.

உச்சியைத் தாண்டிய அந்த நிமிடத்தில் கணக்கு தலைகீழாகிறது. கால் நிற்கிறது. இஸ்திரிப் பெட்டி அணைந்து, சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் 100 வாட் மட்டும் மிஞ்சுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற மாதிரி. வேகமோ 15-லிருந்து 60-க்குத் தாவுகிறது. வரவு ஏழில் ஒரு பங்காகக் குறைய, அதே நேரத்தில் செலவு பெருகுகிறது. இது போதாதென்று, ஏற்றத்தில் சூட்டை வெளியேற்றுவதற்காகத் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து கிடக்கின்றன. தோல் முழுக்க வியர்வை. அதாவது கதவையும் சன்னலையும் திறந்து போட்டுவிட்டு அடுப்பை அணைத்த வீடு. குழாய்கள் சுருங்கிக் கதவைச் சாத்துவதற்குச் சில நிமிடம் பிடிக்கிறது. அந்தச் சில நிமிடத்தில் போவதே நிறைய.

காற்றின் பங்கு எவ்வளவு? கனடாவிலும் அமெரிக்காவிலும் 2001 முதல் வானிலைத் துறையினர் பயன்படுத்தும் காற்றுக்குளிர்ச் சூத்திரம் ஒன்று இருக்கிறது. 2 டிகிரி செல்சியஸில் 15 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 2 போலத் தெரியும். 60 கிலோமீட்டர் என்றால் மைனஸ் 6. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அது காய்ந்த முகத்துக்கான கணக்கு. மழையில் தெப்பமாக நனைந்தவருக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை.

நனைந்தவரின் கதை வேறு. துணி நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது நூலால் அல்ல, நூலுக்கு நடுவில் சிக்கியிருக்கும் காற்றால். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீர் அதைப்போல 25 மடங்கு கடத்தும். சட்டை நனைந்தால் காற்றிருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. பிறகு அது சட்டை இல்லை, உடம்பில் ஒட்டிக்கொண்ட ஈரப்பட்டி. ஆவியாதல் இன்னும் மோசம். ஒரு கிராம் தண்ணீர் தோலிலிருந்து ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் எடுத்துக்கொள்ளும். சட்டையில் ஊறிய அரை லிட்டர் ஒரு மணி நேரத்தில் ஆவியானால் உடம்பிலிருந்து 330 வாட் அதற்கே போய்விடும். உள்ளே எரிவதோ 100 வாட் பல்பு. அதனால்தான் அனுபவப்பட்ட சைக்கிள்காரர்கள் மைனஸ் 10 டிகிரியின் காய்ந்த குளிரைவிட 2 டிகிரி மழைக்கு அதிகம் பயப்படுகிறார்கள். பனி உதிர்ந்து விழுந்துவிடும். மழை உள்ளே இறங்கும்.

கணக்கை முடித்துவிடுவோம். 70 கிலோ உடம்பின் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி குறைய ஏறக்குறைய 245 கிலோஜூல் வெளியேற வேண்டும். வரவைவிடச் செலவு 400 வாட் அதிகம் என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அரை மணி நேர இறக்கத்துக்கு மூன்று டிகிரி. முதலில் தோலும் கை கால்களும்தான் இதைத் தாங்குகின்றன. நெஞ்சும் மூளையும் கடைசியில்தான். உள்ளுடம்பு 37-லிருந்து 35-க்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதைத் தாழ்வெப்பநிலை என்கிறார்கள். நாக்கு குழறும், யோசனை மந்தமாகும். டீக்கடை பெஞ்சில் யோசனை மந்தமானால் பரவாயில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டை ஊசி வளைவு வரும்போது மந்தமாவது வேறு.

உடம்பு சும்மா இருந்துவிடுவதில்லை. வெடவெடவென்று நடுங்க வைக்கிறது. நடுக்கம் வீண் அவஸ்தை அல்ல, அது ஒரு அடுப்பு. நன்றாக நடுங்கினால் ஓய்வில் இருப்பதைப்போல நான்கைந்து மடங்கு வெப்பம் வரும். ஆனாலும் ஏற்றத்தில் எரிந்த அடுப்புக்கு அது ஈடாகாது. அதோடு நடுக்கத்துக்கும் எரிபொருள் வேண்டும். தசையில் இருந்த சர்க்கரையை ஏற்றம் ஏற்கெனவே தின்றுவிட்டிருக்கும். உச்சியில் பசியில்லை என்று பிஸ்கட்டைத் திருப்பிப் பையில் போட்டவர் இறங்கும்போது நடுங்கக்கூடத் தெம்பில்லாமல் போவார். தோளும் கையும் நடுங்கினால் ஹேண்டில்பாரும் நடுங்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கைக்கு வருவோம். குளிரில் முதலில் கைவிடப்படுவது கைதான். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. விரலுக்குள் ஓடுவது எலும்பு, தசைநாண், நரம்பு, இரத்தக்குழாய். சொந்த அடுப்பு இல்லாத வீடு அது. சூடு முழுக்க இரத்தத்தில் வந்து சேர வேண்டும். உடம்பு சிக்கனம் பிடிக்க ஆரம்பித்ததும் முதலில் வெட்டுவது அந்த இரத்தத்தைத்தான். விரலின் தோல் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலைகள் தடுமாறும். 8 டிகிரிக்குப் பக்கத்தில் தொடுவுணர்வே மரத்துவிடும். கோத்தகிரி ரோட்டில் நான் பிரேக்கை எட்டிப் பார்த்தது இதனால்தான். முன்கைத் தசை இழுத்திருக்கிறது. இழுத்த சேதியைத் திருப்பிச் சொல்ல வேண்டிய விரல் மௌனமாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குளிரில் நெடுநேரம் இருந்தால் சுருங்கிக் கிடந்த குழாய்கள் திடீரென்று விரிந்து விரலுக்குக் கொஞ்சம் சூடான இரத்தத்தை அனுப்பும், பிறகு மறுபடி சுருங்கும், மறுபடி விரியும். தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930-இல் இதை விவரித்தார். விரல் செத்துப்போகாமல் இருக்க உடம்பு தவணை முறையில் போடும் படி என்று சொல்லலாம். எல்லோருக்கும் ஒரே அளவில் அது கிடைப்பதில்லை. 1980 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடந்த லீஜ்–பாஸ்தோன்–லீஜ் பந்தயம் பனிப்பொழிவில் ஓடியது. புறப்பட்டவர்கள் 174 பேர், முடித்தவர்கள் 21 பேர். பிரான்சின் பெர்னார் ஈனோ ஒன்பது நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் ஜெயித்தார். சைக்கிள் வரலாற்றின் மாபெரும் வெற்றிகளில் ஒன்று என்று இன்றும் எழுதுகிறார்கள். அவருடைய இரண்டு விரல்களில் பழைய உணர்வு அதன் பிறகு திரும்பவே இல்லை. அந்த வெற்றி அவ்வளவு கொண்டாடத்தக்கதா என்று எனக்குச் சந்தேகம்.

இனி பிரேக். 80 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்கினால் 784 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். இரண்டேகால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும், பதினைந்து டம்ளர் டீக்கு ஆகும். நேரான சாலையில் வேகமாக இறங்கினால் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவும் ஈரமும் உள்ள சாலையில் மெதுவாக இறங்கினால் அத்தனையும் பிரேக் கட்டையின் தலையில். 1988-இல் எல்லாப் பந்தய வண்டியிலும் ரிம்மைக் கவ்வும் பிரேக்தான். ரிம்மோ சாலைத் தண்ணீருக்கு வெகு பக்கத்தில் சுற்றுகிறது. ஈரத்தில் பிரேக்கைப் பிடித்தால் கட்டை முதலில் செய்வது நிறுத்தும் வேலை அல்ல, துடைக்கும் வேலை. தண்ணீர்ப் படலம் வழிந்த பிறகே பிடிப்பு வரும். அதற்குள் சக்கரம் சில சுற்றுச் சுற்றிவிடும். வளைவு காத்துக்கொண்டிருக்காது. அச்சுக்குப் பக்கத்தில், சாலைத் தண்ணீரிலிருந்து தள்ளியிருக்கும் இடத்தில், தனித் தட்டைக் கவ்வும் டிஸ்க் பிரேக் இந்தத் தாமதத்தைப் பெருமளவு ஒழித்துவிட்டது. தொழில்முறைச் சாலைப் பந்தயங்களில் அதற்கு முழு அனுமதி கிடைக்க 2018 ஆயிற்று. வண்டி கனமாகிறது, அழகு கெடுகிறது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்கள் மழையில் மலை இறங்காதவர்களாக இருக்க வேண்டும்.

டயரைப் பற்றி ஒரு தப்பு எண்ணம் பரவலாக இருக்கிறது: வழுவழுப்பான டயர் ஈரத்தில் கார் டயர் போலத் தண்ணீர்மேல் மிதந்துவிடும், அதனால் பள்ளம் வெட்டிய டயர் வேண்டும் என்று. சைக்கிள் டயர் மிதக்காது. சாலையைத் தொடும் இடம் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். குறுகலானது, அழுத்தம் மிகுந்தது. தண்ணீரைக் கத்திபோல வகுந்துகொண்டு போய்விடும். அது மிதக்க வேண்டுமானால் மணிக்கு 140, 150 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டியிருக்கும். ஈரத்தில் வழுக்குவதற்குக் காரணம் ரப்பருக்கும் தாருக்கும் இடையிலான பிடிப்பே குறைவது. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.8 என்றால் 32 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். ஈரத்தில் அது 0.4 ஆகப் பாதியானால் எல்லை 22 கிலோமீட்டர். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, யூகலிப்டஸ் சருகு இவற்றின்மேல் அந்த 22-உம் கிடையாது. நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து கிடக்கும். அந்த அரை மணி நேரம்தான் படு மோசம். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் டயர் தரையில் கூடுதலாகப் படியும். ஆனால் குளிர்ந்த மூளையும் மரத்த விரலும் உள்ளவருக்கு எந்த டயரும் உதவாது.

இப்போது காவியாவுக்குத் திரும்பலாம். அந்தக் கணவாயில் ஜிரோ அதற்கு முன் ஒரே முறைதான் ஏறியிருந்தது, 1960-இல். 1988-இலும் பாதையின் ஒரு பகுதி மண் ரோடுதான், அன்று அது சேறு. அமெரிக்காவின் செவன்-இலெவன் அணியினர் வானிலையைக் கேட்டுவிட்டு, பனிச்சறுக்குக்காரர்கள் போடும் கையுறையும் குல்லாயும் உடையும் வாங்கி வைத்திருந்தார்கள். சைக்கிளுக்கென்று தைத்தவை அல்ல, பார்க்கவும் நன்றாக இருக்காது. அந்த அணியின் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் ஏற்றத்திலேயே மற்றவர்களை விட்டுப் பிரிந்தார். உச்சிக்கு முன் குல்லாய் போடுவதற்காகத் தலைமுடியில் இருந்த தண்ணீரை வழித்துவிடப் பார்த்தாராம். தலையிலிருந்து ஒரு பனி உருண்டை உருண்டு விழுந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடையை அவர் இறக்கத்துக்கு முன்பே போட்டுக்கொண்டார். சூடான டீ குடித்தார். இறக்கத்தில், தேவையே இல்லாதபோதும் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தார். பின் சக்கரத்துப் பற்சக்கரத்தில் பனி இறுகாமல் இருக்க அது உதவியது. நம் கணக்குப்படி, அணைந்த அடுப்பில் கொஞ்சம் விறகு போட்ட மாதிரியும் ஆயிற்று.

எரிக் பிரூக்கிங்க் என்ற டச்சுக்காரர் கடைசியில் அவரை எட்டிப் பிடித்து, ஏழு விநாடி வித்தியாசத்தில் அன்றைய கட்டத்தை ஜெயித்தார். ஆனால் ஒட்டுமொத்த முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டை ஹாம்ப்ஸ்டனுக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து ஜிரோவை 1 நிமிடம் 43 விநாடி இடைவெளியில் வென்ற முதல் அமெரிக்கர் ஆனார்.

அதற்குப் பிறகு பந்தயம் நடத்துகிறவர்களும் மாறியிருக்கிறார்கள். 2013 மார்ச்சில் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை நடுவில் நிறுத்தி, ஓட்டுகிறவர்களைப் பேருந்தில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். அதே ஆண்டு காவியா வழியாகப் போகவேண்டிய ஜிரோ கட்டம் பனியால் ரத்தானது. 2019-இல் காவியாவை மட்டும் நீக்கினார்கள். கடும் வானிலைக்கான முறையான விதிகள் 2016-இல் நடைமுறைக்கு வந்தன. அந்தக் காலத்து வீரம் போய்விட்டதே என்று ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் அங்கலாய்க்கிறது. டிவி முன்னால் போர்வையும் காப்பியுமாக உட்கார்ந்து அங்கலாய்ப்பது சுலபம்.

உடை விஷயத்தில் பழைய ஞானம் இன்னும் தோற்கவில்லை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நூலுக்குள்ளேயே வாங்கிக்கொண்டு, தொட்டால் ஈரமில்லாதது போல இருக்கும். நீராவியை வெளியே விட்டு மழையை உள்ளே விடாத கோர்-டெக்ஸ் வகைத் துணிகளுக்கு வழிவகுத்த கண்டுபிடிப்பு 1969-இல் நடந்தது, நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் மேல்துணி மழையில் ஊறிவிட்டால் ஆவி வெளியேறுவது தடைபடும், உள்ளே வியர்வை தேங்கும். அதைப் போட்டுக்கொண்டே ஏறினால் மழையில் நனையாமல் வியர்வையில் நனைவீர்கள். உச்சியில் பேப்பர் வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொண்டு இறங்குவது ஐரோப்பியப் பந்தயக்காரர்களின் பழைய பழக்கம். செலவில்லாத காற்றுத்தடுப்பு அது.

நீலகிரியில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் இறக்கத்துக்கும் காற்று ஆறு, ஆறரை டிகிரி சூடாகிறது. ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் 1,900 மீட்டர் வித்தியாசம். அடிவாரம் வருவதற்குள் 12 டிகிரி கூடிவிடும். ஆபத்து முதல் அரை மணி நேரத்தில்தான். ஆகவே மழைநாளில் மலையேறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காய்ந்த பனியன் ஒன்றையும் கம்பளிக் கையுறையையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும், வேர்த்திருக்கிறதே, சூடாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் நனைந்ததைக் கழற்றிக் காய்ந்ததை மாட்டி, கடையில் கிடக்கும் நேற்றைய பேப்பரைக் கேட்டு வாங்கி நெஞ்சில் செருகி, அதன்மேல் மழைக்கோட்டைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிடுங்கள். விரல் மரத்த பிறகு ஜிப்பை இழுக்க முடியாது.